மிஞ்சியிருந்த ஒரு கதீட்டர்

18 ஜூலை 1987

காலையில் இரண்டு குடலிறக்க ஆபரேஷன். ஓ.பி.யில் ஆளே இல்லை. சாரல் அடித்தால் தென்காசியில் எவனுக்கும் நோய் வருவதில்லை, எல்லோரும் அருவிக்குப் போய்விடுகிறார்கள்.

சாயங்காலம் குழலியோடு மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு நடை. (குழல்வாய்மொழி என்று அம்மன் பெயரை முழுசாக நான் சொன்னது தாலி கட்டின அன்றைக்கு மட்டும்தான்.) சீசன் முழுக்க நாங்கள் நடப்பது வழக்கம். பாதி வழியில் வலது கெண்டைக்காலைக் கயிறு போட்டு முறுக்கினது போல ஒரு பிடி. நின்றேன். நல்ல வேளை, எதிரே மங்குஸ்தான் கடை. விலை கேட்டேன். பழத்தை உருட்டிப் பார்த்தேன். வலி விட்டது. நடந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் திரும்பவும் அதே பிடி, அதே இடம்.

"என்னத்தான், இன்னைக்கு எல்லாக் கடையிலயும் நிக்கிய?" என்றாள். பராக்குப் பார்க்கிறேன் என்றேன்.

நடந்தால் பிடிக்கிறதா, நின்றால் விடுகிறதா? இருபத்தைந்து வருஷமாக நான் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி இது.

19 ஜூலை

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இடுப்பு மடிப்பில் நாடி நன்றாக இருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குக் கீழே, பாதத்தின் மேல் விரலை வைத்தால் — ஒன்றுமில்லை. வெறும் தோல்.

சர்க்கரை வந்து எட்டு வருஷம். சிகரெட் அதற்கு மூத்தது. ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புமாகப் படிந்து வழி அடைந்து போவது. எத்தனை பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

சிகரெட்டை நிறுத்திவிட்டேன்.

26 ஜூலை

ஒன்று பிடித்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

11 செப்டம்பர் 1987

சுடலைக்கண்ணு வந்திருந்தார். அச்சன்புதூர்க்காரர், போலீஸில் ஏட்டாக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது காலை முழங்காலுக்குக் கீழே நான்தான் எடுத்தேன். பீடி. இப்போது கட்டைக்காலோடு குற்றாலத்தில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறார். இருக்கிற காலும் இப்போது நடந்தால் பிடிக்கிறதாம்.

"ஓய், பீடியை விட்டீரா இல்லையா?"

"விட்டுட்டேன்யா. இந்தச் சித்திரையோட விட்டுட்டேன்."

கூட வந்திருந்த அவர் மனைவி முப்பிடாதியம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அதிலேயே தெரிந்தது.

இடுப்பில் நாடி துள்ளுகிறது. முழங்காலுக்குப் பின்னால் இல்லை. ஆக, அடைப்பு தொடையில். எனக்குக் கீழே, அவருக்கு மேலே. மருந்து எழுதிக் கொடுத்தேன். ரத்தம் இளகுவதற்கான மருந்து. அது அடைப்பைத் திறக்காது என்று எனக்குத் தெரியும்.

வெளியே போகிறவர் மனைவியை முன்னால் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "அய்யா, ஸ்டாண்டுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்களும் நின்னு நின்னுதான் போறிய. மங்குஸ்தான் வாங்குத மாதிரி" என்றார்.

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். இந்த ஊரில் முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான்.

3 டிசம்பர் 1987

குழலிக்குத் தெரிந்துவிட்டது. படுத்தால் பாதம் எரிகிறது. காலைத் தொங்கப்போட்டால்தான் அடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவதை எத்தனை நாள் மறைக்க முடியும்? விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருக்கே என்றாள். பிறகு கேட்டாள், "நீங்க ஊரார் காலை எடுப்பியளே, அந்த நோயா?"

ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினாள். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

14 பிப்ரவரி 1988

மதுரையில் டாக்டர்கள் கூட்டம். கிச்சாவைப் பார்த்தேன். மதுரைக் காலேஜில் ஒரே அறையில் இருந்தவன். இப்போது மெட்ராஸில் ரத்தக்குழாய்க்குள் ட்யூப் விட்டுப் படம் எடுக்கிற பெரிய டாக்டர். அமெரிக்காவில் சில மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். ஸ்லைடு போட்டுக் காட்டினான்.

இடுப்பு மடிப்பில் ஊசி குத்தி, ரத்தக்குழாய் வழியாகவே கதீட்டர் என்கிற மெல்லிய ட்யூபை அடைப்பு வரைக்கும் அனுப்புகிறார்கள். அதன் நுனியில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளமாக ஓர் உலோக உறை. உறையின் ஒரு பக்கம் ஜன்னல் மாதிரித் திறப்பு. மறுபக்கம் குட்டி பலூன். பலூனை ஊதினால் ஜன்னல் அடைப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு சின்னக் கத்தி, வெளியே கையில் இருக்கிற மோட்டாரால் சுழல்கிறது. அதை மெல்ல முன்னால் தள்ளினால் படிவைச் சீவிச் சீவி நுனியில் இருக்கிற கூட்டில் சேர்த்துக்கொள்கிறது. சீவினதை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். மயக்கம் கொடுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். நோயாளி பேசிக்கொண்டே படுத்திருக்கலாம்.

பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

15 பிப்ரவரி

கிச்சா காட்டினதை ஜெபமலரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த சர்ஜன். ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறாள், எதையும் லேசில் நம்பமாட்டாள். "சீவும்போது ஒரு துண்டு தப்பி ரத்தத்தோட கீழ போய் அடைச்சா? இருக்கிற காலும் போயிருமே சார்" என்றாள். கிச்சாவிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏன் கேட்கவில்லை? நம்ப ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

22 மே 1988

வலது கால் சுண்டுவிரலில் சின்னப் புண். புதுச் செருப்பு கடித்தது. வேறு யாருக்கும் மூன்று நாளில் ஆறிவிடும்.

9 ஜூலை 1988

விரல் கறுத்துவிட்டது. நானே கட்டுப் போட்டுக்கொள்கிறேன். ஜெபமலர் பார்க்கட்டுமா என்று கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு மணி நேரம் நிற்பதற்குள் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கு சுடலைக்கண்ணுவும் வந்தார். பெருவிரலில் புண், ஓரமெல்லாம் கறுப்பு. முதுகுப் பக்கம் நரம்பை வெட்டி ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தோம், பலன் இல்லை. இனி என்ன என்று கேட்டார். சொன்னேன். அவரிடம் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது.

"இந்தக் காலையும் எடுத்துட்டா என்னைத் தூக்கிக்கிட்டுதான் கக்கூசுக்குப் போவணும். அதுக்கு முந்தி நான் போய்ச் சேந்துருதேன்யா." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

டிரங்க் கால் போட்டு கிச்சாவிடம் பேசினேன். இரண்டு பேரையும் வரச் சொல்கிறான். அமெரிக்காவிலிருந்து மூன்று கதீட்டர் கொண்டு வந்திருந்தானாம், இரண்டு செலவாகிவிட்டது. ஒரு கதீட்டரை ஒரு ஆளுக்குத்தான் போட முடியும். "ரெண்டு பேரும் வாங்கடா, படம் எடுத்துப் பார்ப்போம்" என்றான்.

6 ஆகஸ்ட் 1988

மெட்ராஸுக்குக் கொல்லம் மெயில். நானும் குழலியும், சுடலைக்கண்ணுவும் முப்பிடாதியும். ராஜபாளையம் தாண்டும் வரைக்கும் அவர் தன் சர்வீஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். சீசன் டூட்டியில் அருவித் தண்ணி ஏறினபோது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்களை ஏற்றிவிட்டது. ஒரு மாப்பிள்ளை வேட்டி போன பிறகும் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. குழலி சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

டிபன் பொட்டலத்தைப் பிரித்தபோது முப்பிடாதி என் காலைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் காலை எதிர் சீட்டில் நீட்டி வைத்திருந்தோம். அவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

9 ஆகஸ்ட், மெட்ராஸ்

இரண்டு பேருக்கும் படம் எடுத்தாயிற்று.

கிச்சா ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினான். முதலில் சுடலைக்கண்ணுவுடையது. தொடையில் ரத்தக்குழாய் நேராக இறங்கி வந்து, ஓர் இடத்தில் மட்டும் நூல் மாதிரி ஒடுங்குகிறது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அதற்குக் கீழே நல்ல குழாய். இதற்காகவே செய்த கருவி என்று அவன் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது என்னுடையது. முழங்கால் வரைக்கும் சரி. அதற்குக் கீழே மூன்று குழாய் இருக்க வேண்டும். புழு அரித்த வேர் மாதிரி அங்கங்கே துண்டு துண்டாக. கணுக்காலில் ஒன்றுமே இல்லை. பைபாஸ் பண்ணலாம் என்றால் கொண்டுபோய் இணைக்கக் கீழே ஒரு குழாய் வேண்டாமா?

கிச்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு சொன்னான்.

"நியாயமாப் பார்த்தா உன் காலில் இது போகாது. குழாய் சின்னது, அடைப்பு நீளம். கிழிஞ்சாலும் கிழியும். ஆனா நீ என் ரூம்மேட். ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. போட்டுப் பாருன்னு நீ சொன்னா, போட்டுப் பார்க்கறேன்."

நான் யோசிக்கவில்லை. பாரு என்றேன். உடனே சொன்னேன். தண்ணியில் முங்குகிறவன் கையை நீட்டுவது மாதிரி.

சரி என்றான். நாளைக்குக் காலையில் என்றான்.

இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. அறையின் நடுவில் துணித்திரை. அந்தப் பக்கம் சக்கரக் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள்.

10 ஆகஸ்ட்

விடிந்ததும் கிச்சாவின் அறைக்குப் போய் ஃபிலிம் இரண்டையும் வாங்கித் திரும்பப் பார்த்தேன். அவன் இன்னும் வரவில்லை. உதவியாளர் மாட்டிக் கொடுத்தார். பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு நோயாளி, ஒரு கதீட்டர், யாருக்கு? எந்த ஹவுஸ் சர்ஜனும் பதில் சொல்லிவிடுவான். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால், நான் நேற்றுச் சொன்ன பதிலுக்கு நானே பூஜ்யம் போடுவேன்.

அடுத்த கதீட்டர் எப்போது வரும் என்று கிச்சா வந்ததும் கேட்டேன். ஆறு மாதமோ, வருஷமோ, கஸ்டம்ஸ் விட்டால்தான் என்றான். அவர் விரல் அதுவரைக்கும் தாங்காது. என்னுடையதும் தாங்காது. ஆனால் என்னுடையது எப்படியும் தாங்காது.

சுடலைக்கண்ணுவுக்குப் போடு என்றேன். என் தோளைப் பிடித்தான்.

குழலியிடம் சொன்னபோது வராந்தாவில் இருந்தோம். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அந்த டாக்டர் பண்ணுதேன்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னான். ஆனா சரியா வராது."

"வராதுன்னு சாமி வந்து சொல்லிச்சா? நூத்துல ஒண்ணாவது இருக்கும்லா? அவரு காலு உங்களுக்கு என்ன வேணும்? உங்க காலு எனக்கு வேணும்."

ஃபிலிமைப் பற்றிச் சொன்னேன். குழாயின் அளவைச் சொன்னேன். எதையும் அவள் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

தியாகம் கியாகம் என்று இங்கே எழுதிவிடக் கூடாது. படம் சொன்னதைச் செய்தேன். படம் வேறு மாதிரி இருந்திருந்தால்? இரண்டு காலுக்கும் பொருந்துகிற மாதிரி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியவில்லை. சத்தியமாத் தெரியல.

11 ஆகஸ்ட்

உள்ளே நிற்க கிச்சா அனுமதித்தான். நின்றேன் என்று எங்கே சொல்வது, ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேக்காகப் போடுகிற ஈய அங்கி கனம்.

இடுப்பில் மரத்துப்போக ஊசி. கம்பி உள்ளே போவது டி.வி.யில் தெரிகிறது, கறுப்பு மயிர் மாதிரி. அதன் மேலாகக் கதீட்டர். ஒடுங்கின இடத்தில் உலோக உறை போய் நின்றது. கிச்சா பலூனை ஊதினான், ஜன்னல் போய்ப் படிவில் பதிந்தது. கையில் இருந்த மோட்டாரை அழுத்தினான். தையல் மிஷினை ரொம்பத் தூரத்தில் ஓட்டுவது போல ஒரு சத்தம். பெருவிரலால் நெம்பியை மெல்ல, மெல்ல முன்னால் தள்ளினான். நிறுத்தினான். உறையைக் கொஞ்சம் திருப்பினான். மறுபடி.

"என்னய்யா, காலுக்குள்ள வண்டு பறக்கு?" என்றார் சுடலைக்கண்ணு.

ஆடாமல் படுமய்யா என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் பிடி, விரல் நொறுங்கிவிடும் போல இருந்தது. ஜெபமலர் கேட்டது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது — ஒரு துண்டு தப்பினால்?

வெளியே எடுத்துக் கூட்டைத் தட்டினான். சின்னப் பாட்டில் தண்ணீரில் விழுந்தன. மஞ்சளும் வெள்ளையுமாக, நகம் சீவினது போல வளைந்த சின்னச் சின்னச் சீவல்கள். ஒரு மனுஷனின் காலை வாங்க இருந்தது இவ்வளவுதான், ஒரு தேக்கரண்டிகூட இராது. திரும்ப உள்ளே அனுப்பினான். சீவினான். எடுத்தான். அப்புறம் மருந்து விட்டுப் படம் எடுத்தபோது, நூலாக இருந்த இடத்தில் வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் நேராக இறங்கிப் பாதம் வரைக்கும் போனது. எதுவும் தப்பி எங்கேயும் அடைக்கவில்லை.

பாதத்தைத் தொட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு வந்தது. கணுக்காலுக்குப் பின்னால் நாடி. என் விரலுக்கு அடியில் எழும்பி எழும்பி.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இந்தக் கால் என்னுடையதாக இருக்கக் கூடாதா என்ற எரிச்சல். எழுதிவிட்டேன். எழுதினால் கொஞ்சம் குறைகிறது.

20 ஆகஸ்ட், மேலகரம்

எனக்குக் காய்ச்சல். கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்துக்கு ஏறுகிறது. மெட்ராஸிலேயே எடுத்துவிடலாம் என்று கிச்சா சொன்னான். நான் கேட்கவில்லை. என் தியேட்டரில்தான்.

22 ஆகஸ்ட்

நாளைக்கு.

31 ஆகஸ்ட் 1988

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

முழங்காலுக்குக் கீழே ஜெபமலர் எடுத்தாள். முதுகில் ஊசி போட்டதால் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். குறுக்கே பச்சைத்துணி. பார்க்க முடியாது, கேட்க முடியும். ரம்பத்தின் சத்தம் எனக்குப் புதுசா? ஆனால் அந்த அதிர்வு இடுப்பெலும்பு வழியாக ஏறி வருமென்று எனக்கு ஒரு நோயாளியும் சொன்னதில்லை. பின்பக்கத் தசையை இன்னும் கொஞ்சம் நீளமாக விடு, அப்போதுதான் கட்டைக்கால் உறுத்தாது என்றேன்.

"சார், இன்னைக்கு நான்தான் டாக்டர். நீங்க பேஷன்ட்."

நீளமாகத்தான் விட்டிருக்கிறாள். தையல் அழகு.

குழலி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு வருகிறாள். தலைமாட்டில் உட்காருகிறாள், கால்மாட்டுப் பக்கம் போவதில்லை. கட்டுப் பிரிக்கிற நேரத்துக்கு எழுந்து வெளியே போய்விடுகிறாள். தேவைக்குத்தான் பேச்சு. என்னிடம் கோபமா, கால் இருந்த இடத்திடம் கோபமா?

2 அக்டோபர் 1988

சுடலைக்கண்ணு நடந்து வந்தார். ஒரு கட்டைக்கால், ஒரு சொந்தக்கால், கையில் கம்பு. கறுத்த விரல் நுனியை மட்டும் ஜெபமலர் எடுத்திருந்தாள், புண் மூடிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் போல நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு, "அய்யா, இல்லாத விரலு அரிக்கும். சொறியக் கை போவும். யார்ட்டயும் சொல்லாதிய, பைத்தியம்பாக" என்றார்.

நேற்றெல்லாம் எனக்கு இல்லாத அந்தச் சுண்டுவிரல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கச் சிரித்தேன். அடுக்களையிலிருந்து குழலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

16 ஜனவரி 1989

பொங்கல் கழிந்து ஓ.பி.க்குத் திரும்பினேன். புதுக்காலில் தரை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நின்று ஆபரேஷன் பண்ண இனி ஆகாது. சின்ன கேஸ்களை உட்கார்ந்து பண்ணுகிறேன். பெரிய கேஸ் எல்லாம் ஜெபமலர். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன், வாயை மூடிக்கொண்டு. இதுதான் கஷ்டம்.

சர்க்கரை, பீடி, சிகரெட் என்று யார் வந்தாலும் இப்போது செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன். வயிற்று வலிக்கு வந்தவர்கூடத் தப்ப முடியாது. குத்துக்கல்வலசையிலிருந்து வந்த ஒருவருக்கு இடுப்பிலேயே நாடி மெலிவு. இன்னும் புண் வரவில்லை. நேரத்தோடு கிச்சாவிடம் அனுப்பினேன்.

23 ஏப்ரல் 1989

சுடலைக்கண்ணு இறந்துபோனார். இன்று காலை ஸ்டாண்டில், சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

காலின் குழாய் அடைக்கிறவனுக்கு நெஞ்சின் குழாயும் அடைக்கும். புஸ்தகத்தில் இருக்கிறது. கீழே சீவி வழி பண்ணினோம், மேலே அது தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து வந்து எட்டு மாதம். ஒரு கதீட்டருக்கு எட்டு மாதம்தானா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

24 ஏப்ரல்

நானும் குழலியும் அச்சன்புதூர் போய்வந்தோம். வாசலில் என் கால் தடுக்கியது. முப்பிடாதியம்மாள்தான் எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அழுது ஓய்ந்திருந்தாள். குழலியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அவளாகவே பேச ஆரம்பித்தாள். எட்டு மாதமாக அவர் தன்னிஷ்டத்துக்கு நடந்தாராம். காலையில் வயலைப் பார்க்கப் போவாராம், ஸ்டாண்டுக்குப் போவாராம், யாரையும் கூப்பிடமாட்டாராம். எதற்கும் ஒருவர் தோளைப் பிடிக்கவில்லை, அது போதும் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். அவரு இருக்கும்போது சொல்லாதன்னுட்டாரு. மெட்ராஸுல படம் எடுத்த அன்னைக்கு, திரைக்கு அங்கன வண்டில கெடந்தது அவருதான். அந்த டாக்டரு ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னதும் கேட்டிருக்கு, உனக்குப் போடட்டுமான்னு கேட்டதும் கேட்டிருக்கு. நீங்க பாருன்னு சொன்னதும் கேட்டிருக்கு."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஏன் என்னிடம் அவர் கேட்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டா அய்யாவுக்குக் கூச்சமா இருக்கும்னாரு. ரெண்டு நா கழிச்சுத் தம் பேரைக் கூப்பிடுதப்போ நம்பவே இல்ல, ஆளு மாறிப் போச்சு போலன்னுட்டுதான் போயிருக்காரு. வீட்டுக்கு வந்த பொறவு அடிக்கடி சொல்லுவாரு — பிள்ள, அவரு எடத்துல நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்னு."

குழலி அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அது படத்தில் இருந்த கணக்கு, அவர் காலுக்குத்தான் பொருந்தும், நான் எதையும் கொடுக்கவில்லை என்று விளக்கியிருக்கலாம். வாயெடுத்தேன். அந்த வீட்டில் அதைச் சொல்லி என்ன?

வீடு திரும்பும்வரை குழலி கார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து கட்டைக்காலின் வாரை அவிழ்க்கப் போனேன். இருங்க என்றாள். கீழே உட்கார்ந்து அவளே அவிழ்த்தாள். கால் முடிகிற இடத்தில் வாரின் தழும்பு சிவந்திருந்தது. எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிட்டாள். இந்த எட்டு மாதத்தில் அவள் அங்கே கை வைத்தது இன்றைக்குத்தான்.

"அன்னைக்கு நான் கேட்டது கேட்டதுதான்" என்றாள், தேய்த்துக்கொண்டே. "இப்பவும் கேப்பேன்."

கேளு என்றேன்.

9 ஜூலை 1989

ஜெபமலரை ரயிலேற்றிவிட்டு வந்தோம். கிச்சாவுக்கு இப்போது கதீட்டர்கள் சரியாக வந்துகொண்டிருக்கின்றன. ஆறு மாதம் தன்னோடு இருந்து கற்றுக்கொள்ள ஒரு சர்ஜனை அனுப்பு என்று கேட்டிருந்தான். அவள் பெயரைச் சொன்னேன். உங்களைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன் என்று ஒரு வாரம் சண்டை. எனக்காகப் போக வேண்டாம், செருப்பைக் கழற்றிக் காட்டுகிறவர்களுக்காகப் போ என்றேன்.

மெயில் தாமதம். பிளாட்பாரத்தில் தூறல். குழலி அவளுக்கு இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள், மெட்ராஸ் வரைக்கும் நாலு பேர் சாப்பிடலாம். கதீட்டரை முழங்காலுக்குக் கீழே போகிற மாதிரி மெல்லிசாகவும் செய்ய ஆரம்பித்துவிட்டார்களாம், அடுத்த வருஷம் இங்கே வந்துவிடும் என்று கிச்சா சொன்னதை ஜெபமலர் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நல்லது என்றேன். உண்மையாகவே நல்லது.

ரயில் வந்தது. ஏறி ஜன்னலில் உட்கார்ந்தவள், "திரும்பி வந்து நான் பண்ற முதல் கேஸுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும் சார்" என்றாள்.

"முதல் கேஸே என் இடது காலா இருந்தாலும் இருக்கும்" என்றேன்.

ஜெபமலர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழலிதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், ரயில் போன பிறகும் விடவில்லை.